சுண்டுவிரல் அளவு

வெள்ளிச்சந்தைப் பட்டறையிலிருந்து
ஈத்தாமொழித் தும்பு ஆலைக்குப் போனேன்,
ஸ்கூட்டர் பெட்டியில் டேப்பும் சாக்குக்கட்டியும் வெர்னியரும்.
"மெஷினுக்கு ஒரு கூடு அடிக்கணும்" என்றார் தாணுலிங்கம்.
"புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வாராரு."

பெல்ட் புல்லிக்குள் இறங்கும் இடம் எது என்று கேட்டேன்.
யாரும் விரல் நீட்டிக் காட்டவில்லை.
நாடியால் காட்டினார்கள்.

இரும்பை அளந்து முடித்தபின்
"இங்க ரொம்பச் சின்னக் கை யாருக்கு?" என்றேன்.
கதம்பல் கூடைகளைக் கீழே வைத்துச் சிரித்தார்கள்.
அன்னபுஷ்பத்தைத் தள்ளித் தள்ளி முன்னே விட்டார்கள்.
மோதிரம் போடக் கொடுப்பவள்போல
முகத்தைத் திருப்பிக்கொண்டு சுண்டுவிரலை நீட்டினாள்.
பதினொரு மில்லி, ஒட்டியிருந்த தூசியும் சேர்த்து.
வலையின் கண் எட்டுக்கு மேல் போகக் கூடாது என்று
கையில் எழுதிக்கொண்டேன்.

பின்னால் நின்ற லில்லிபாய் சொன்னாள்:
"எனக்க கைய அளந்திராத தம்பி.
ரெண்டு குறையும். கணக்கு தப்பிப்போவும்."

சிரிப்பு நின்றது.
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய் ராத்திரி வெல்டிங், விடியலில் மஞ்சள் பெயிண்ட்.
நாலு போல்ட், பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.
ஆய்வாளர் வந்தார், படம் எடுத்தார்,
இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

பாக்கிப் பணம் வாங்க ஒரு மாதம் கழித்துப் போனபோது
கூடு சுவரில் தொங்கியது.
அதன் கண்களில் கொக்கி மாட்டி
ஆறு தூக்குச் சட்டி, ஒரு குடை,
யாருடையதோ ஈரத் துண்டு.
பெல்ட் வெறும் மேனியாய்க் காற்றை அறைந்துகொண்டிருந்தது.

"ஆரு கழத்தினது?"
கத்தித்தான் கேட்டேன்.

"நாங்கதான்."
அன்னபுஷ்பம் ஒளிக்கவில்லை.
"மணிக்கு மூணு தடவ தும்பு சுத்துது.
நாலு போல்ட்ட கழத்தி மாட்ட கால் மணிக்கூர்.
கட்டு எண்ணித்தான் கூலி.
கால் மணிக்கூருக்கு எத்தன கட்டு போவும்னு
அவருட்ட கேளு."
அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வேலைதான் தப்பு.
அதை ஒத்துக்கொள்ள மத்தியானம் வரை ஆனது.
கதம்பல் குவியல்மேல் உட்கார்ந்து
யார் எந்தக் கையை எங்கே விடுகிறார்கள் என்று
பீடிக்கட்டு அட்டையில் வரைந்தேன்.
கிரீஸ் போடக் கூட்டைக் கழற்றுகிறார்களா?
குழலை வெளியே இழுத்துவிடலாம்.
தும்பு எடுக்கவா? போல்ட்டுக்குப் பதில் கீல்,
கைப்பிடி வைத்த கதவு,
கதவு திறந்தால் மோட்டார் நிற்க ஒரு சுவிட்ச்.

லில்லிபாய் அட்டையை எட்டிப் பார்த்தாள்.
"மோட்டார் நிக்கும். உருளை நிக்குமா?"

அணைத்துப் பார்த்தோம்.
சத்தம் அடங்கியது. ஆணிப் பற்கள் மங்கலாய்
நின்றதுபோலவே சுற்றின.
வாட்சில் எண்ணினேன். முப்பத்தேழு விநாடி.

"நானும் அண்ணைக்கு
அணைச்சிட்டுத்தான் கை வச்சேன்" என்றாள்.
"அவசரக்காரின்னு சொன்னாவ. எழுதியும் வச்சாவ."

உருளை நிற்கும்வரை திறக்காத பூட்டு ஒன்று உண்டு,
கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்றேன்.
விலையைக் கேட்டதும் தாணுலிங்கம்
கால்குலேட்டரை எடுத்து ஒரே விரலால் தட்டினார்,
இன்னொரு தடவை தட்டினார்.
ஏழு பெண்கள் வாசலில் நின்றார்கள்.
கூடையை யாரும் தூக்கவில்லை.

பூட்டு வந்தது. நாற்பது விநாடி வைத்திருக்கிறேன்.
தூக்குச் சட்டிக்குத் தனியாக ஒரு கம்பி அடித்துக் கொடுத்தேன்,
அதற்குக் காசு இன்னும் வரவில்லை.

நேற்று போனபோது தும்பு சுற்றியது.
அன்னபுஷ்பம் சுவிட்சை அணைத்துவிட்டு
முடியிலிருந்து நார் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
லில்லிபாய் கைவிரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்,
எட்டு விரல்,
ஐந்து சுற்று.
கடைசி விரல் மடங்கும்போது
பூட்டு 'டக்' என்றது.